அரசு தரும் விடுமுறையும் மக்கள் காக்கும் நினைவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேசுமாறு செயலாளர் நம்மைக் கேட்டுக்கொண்டபோது, குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவோம் என்றே அவர் எண்ணியிருப்பார். அவை என்றும் இனிக்கும் பொருள்கள். ஆயினும் இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டது கடல்களுக்கு அப்பால் வாழும் ஒரு சிறு மக்கட்கூட்டத்தின் வரலாறு. அக்கேடியர் என்பது அவர்கள் பெயர். அமெரிக்க நாட்டின் லூயிசியானா மாநிலத்தில், அவர்களுடைய மரபைப் போற்றுவதற்கென்று அரசு ஊழியர்க்கு ஆண்டில் ஒரு நாள் விடுமுறை விடுகிறார்கள். அந்த ஒரு நாள் விடுமுறையின் கதையே இன்று நாம் சொல்லப் போவது.

இக்கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சென்ற பொதுக்குழுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இங்குள்ள நடுவண் அரசு அலுவலகங்களில் பொங்கல் நாள் எல்லோருக்கும் உரிய விடுமுறை அன்று. அலுவலக வழக்கில் 'ஆர்.எச்.' என்று சொல்லும் விருப்ப விடுமுறைப் பட்டியலில் உள்ள நாள்களில் அதுவும் ஒன்று. அப்பட்டியலிலிருந்து ஆண்டுக்கு இரண்டு நாள்களையே ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, பொங்கலைப் பொது விடுமுறை ஆக்குமாறு அரசுக்கு விண்ணப்பம் அனுப்பவேண்டும் என்று இளைஞர் ஒருவர் தீர்மானம் கொணர்ந்தார். கைதட்டல் எழுந்தது. அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "விடுமுறை வந்தால் அன்றைக்கு என்ன செய்வீர்கள், தம்பி?" என்று கேட்டார். இளைஞர் விடை சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. அவையே சிறிது நேரம் வாய் மூடி இருந்தது. அந்த வினாவுக்கு விடை தேடியபோதுதான் அக்கேடியர் வரலாறு நம் கைக்குக் கிட்டியது.

கடலோடு வாழ்ந்த உழவர்

இன்றைய கனடா நாட்டின் கீழைக் கடற்கரையில் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக், பிரின்ஸ் எட்வர்டு தீவு என்னும் மாநிலங்கள் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் அங்கே குடியேறினர். 1605-இல் போர்ட் ராயல் என்னும் குடியிருப்பை அமைத்தனர். அந்த நிலப்பகுதிக்கு அக்கேடியா என்று பெயர் வழங்கியது. மிக்மாக் என்னும் பழங்குடி மக்கள் அங்கே நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். புதிதாக வந்த உழவர்கள் அவர்களோடு பெரும்பாலும் நட்புறவு பூண்டே வாழ்ந்தனர்.

அங்குள்ள ஃபண்டி விரிகுடா உலகிலேயே மிக உயர்ந்த ஓதம் எழும் இடம். கடல் மட்டம் சில இடங்களில் 16 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓதம் வந்து போகும் உவர்ச் சேற்று நிலத்தை அக்கேடியர் விளைநிலம் ஆக்கினர். புல்கரணைகளை அடுக்கிக் கரை எழுப்பினர். கரையின் அடியில் ஒரு மரக்குழாயைப் பதித்து, அதனுள் ஒரு பக்கமே திறக்கும் கதவைத் தொங்கவிட்டனர். ஓதம் இறங்கும்போது வயலின் மழைநீர் அக்கதவைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும். ஓதம் ஏறும்போது கடல்நீரே கதவை அழுத்தி மூடிவிடும். அபுவாத்தோ என்பது அந்த மதகின் பெயர். இரண்டு மூன்று ஆண்டுகள் மழை பெய்து உப்பைக் கழுவியபின் அந்த நிலத்தில் கோதுமை விளையும். கரையை ஒரு குடும்பம் தனித்துக் காக்க இயலாது. ஊரே கூடிக் காக்கவேண்டும். இவ்வாறு கரை காத்த கூட்டுறவில்தான் அக்கேடியர் ஒரு தனி மக்களாயினர்.

கிராண்ட்-பிரே என்பது அத்தகைய ஊர்களுள் ஒன்று. 'பெரிய புல்வெளி' என்று பொருள். அவ்வூர்ப் புறத்தின் நிலக்காட்சியை 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அக்கேடியர் வகுத்த கரை முறை இன்றும் அங்கே வயல்களைக் காத்து நிற்கிறது.

1755

அக்கேடியரின் இன்னல் அவர்கள் வயலில் பிறக்கவில்லை. ஐரோப்பிய அரசர்களின் மேசையில் பிறந்தது. 1713-இல் யூட்ரெக்ட் உடன்படிக்கையின்படி பிரான்சு அக்கேடியாவை இங்கிலாந்துக்குக் கொடுத்தது. உழுதவரை யாரும் கேட்கவில்லை. புதிய அரசு அவர்களிடம் பற்றுறுதிச் சூள் கேட்டது. "உங்கள் ஆட்சிக்கு அடங்கி இருப்போம், ஆனால் பிரெஞ்சுக்காரரை எதிர்த்தோ பழங்குடியினரை எதிர்த்தோ படைக்கலம் ஏந்தமாட்டோம்" என்பதே அவர்கள் நிலை. இரண்டு பேரரசுகளுக்கு இடையே நடுநிலை என்பது எவ்வளவு மெல்லிய கோடு என்பதை அவர்கள் பின்னரே உணர்ந்தனர்.

1755 ஜூலை 28-ஆம் நாள், ஹாலிபாக்ஸ் நகரில் துணைநிலை ஆளுநர் சார்லஸ் லாரன்சும் அவருடைய ஆலோசனைக் குழுவும் கூடி, நிபந்தனையற்ற சூள் உரைக்க மறுத்த அக்கேடியரை நாடு கடத்துவதென்று முடிவு செய்தனர். செப்டம்பர் 5-ஆம் நாள் பிற்பகல், கிராண்ட்-பிரே தேவாலயத்திற்கு ஆண்களும் பத்து வயது கடந்த சிறுவரும் வரவேண்டும் என்று பறை அறைவித்தனர். 418 பேர் வந்தனர். கதவுகள் மூடின. ஜான் வின்ஸ்லோ என்னும் படைத்தலைவர் ஆணையைப் படித்தார். நிலமும் வீடும் கால்நடையும் மன்னருக்கு உரியவை. கையில் உள்ள பணத்தையும் கப்பலில் இடமுள்ள அளவுக்கு வீட்டுப் பொருள்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவ்வாணை.

அக்டோபர் மாதத்தில் கப்பல்கள் புறப்பட்டன. திரும்பி வர ஒன்றும் இல்லாதபடி வீடுகளைக் கொளுத்தினர். 1755 முதல் 1763 வரை 10,000-க்கும் மேற்பட்ட அக்கேடியர் இவ்வாறு அகற்றப்பட்டனர். மாசசூசெட்சு முதல் ஜார்ஜியா வரை பல ஆங்கிலக் குடியேற்றங்களில் அவர்களைச் சிறு சிறு கூட்டமாக இறக்கிவிட்டனர். ஒன்றாக இருந்தால்தானே ஒரு மக்களாக இருப்பார்கள்? வர்ஜினியா அவர்களை ஏற்க மறுத்து இங்கிலாந்துக்கு அனுப்பிற்று. 1758-இல் 'டியூக் வில்லியம்' என்னும் கப்பல் நடுக்கடலில் மூழ்கி, முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மை நோயால் இறந்தவர் பலர். பல குடும்பங்களில் கணவன் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலும் கரை இறங்கினர்.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சை மிக வருத்திய செய்தி ஒன்று உண்டு. அவர்கள் விட்டுச் சென்ற வயல்களில் புதிய ஆங்கிலக் குடியினரை அரசு அமர்த்தியது. 1759-இல் வீசிய புயலில் கடற்கரைகள் உடைந்தன. புதியவர்க்கு அவற்றைக் கட்டத் தெரியவில்லை. அப்போது சிறையில் இருந்த அக்கேடியரையே கொண்டுவந்து கரைகளைப் பழுதுபார்க்கச் செய்தனர். தம் பாட்டன்மார் எழுப்பிய கரையை, இனித் தமக்கு உரிமையில்லாத நிலத்துக்காக, அவர்கள் கட்டிக் கொடுத்தனர்.

வெப்பநாட்டில் ஒரு புதிய ஊர்

அலைந்து திரிந்தவருள் ஒரு கூட்டத்தினர் தெற்கே சென்றனர். 1765-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'போசோலேய்' என்னும் சிறப்புப் பெயர் கொண்ட ஜோசப் புரூசார்டின் தலைமையில் ஏறத்தாழ 200 பேர் லூயிசியானாவை அடைந்தனர். அது பிரெஞ்சு மொழி வழங்கிய நாடு. ஆனால் அதற்குள் ஸ்பெயின் அரசுக்குக் கைமாறியிருந்தது. அட்டகப்பாஸ், ஓப்பலூசாஸ் என்னும் பகுதிகளில் அவர்கள் குடியேறினர். பிரான்சில் பல ஆண்டுக்காலம் ஏதிலிகளாக இருந்த அக்கேடியர் ஏறத்தாழ 1,600 பேர், 1785-இல் ஸ்பெயின் அரசின் செலவில் ஏழு கப்பல்களில் வந்து சேர்ந்தனர்.

பனிநாட்டு உழவர் சதுப்பு நாட்டு உழவராயினர். கோதுமைக்கு ஈடாகச் சோளமும் நெல்லும் வந்தன. காலப்போக்கில் 'அக்கேடியன்' என்ற சொல்லே தேய்ந்து 'கேஜன்' ஆயிற்று. பெயர் தேய்ந்ததே அன்றி மொழி தேயவில்லை. அடுப்படியில், வயலில், மீன்படகில், திருமண வீட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரெஞ்சு வழங்கியது. எந்த அரசும் அவர்களுக்கு அதற்காக விடுமுறை தரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அம்மொழிக்கு இடையூறு பள்ளிக்கூடத்தின் வழியே வந்தது. 1916-இல் லூயிசியானாவில் கட்டாயக் கல்விச் சட்டம் ஏற்பட்டது. 1921-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று விதித்தது. வீட்டில் பிரெஞ்சு அன்றி வேறு அறியாத ஆறு வயதுக் குழந்தை பள்ளிக்குச் செல்லும். தாகம் எடுத்தாலும் தனக்குத் தெரிந்த மொழியில் தண்ணீர் கேட்கக் கூடாது. கேட்டால் தண்டனை. பள்ளி எல்லைக்குள் பிரெஞ்சு பேசமாட்டேன் என்று பலமுறை எழுதவேண்டும், பிரம்படியும் உண்டு. அக்குழந்தைகள் வளர்ந்து பெற்றோரானபோது என்ன செய்தனர்? தம் மக்கள் அந்த அடியை வாங்கவேண்டாம் என்று எண்ணி, அவர்களோடு ஆங்கிலத்திலேயே பேசினர். பிரெஞ்சு, பாட்டனும் பாட்டியும் பிள்ளைகள் அறியாமல் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியாயிற்று. கப்பலாலும் தீயாலும் அழியாத மொழி தாய்மாரின் அன்பாலேயே குன்றியது. இதனைக் குறை கூறுவதற்காக நாம் சொல்லவில்லை. எந்தத் தாயும் அவ்வாறே செய்திருப்பாள்.

மூன்று நாள்கள்

இனி விடுமுறைக்கு வருவோம். அக்கேடியருக்கு இன்று மூன்று நினைவு நாள்கள் உள்ளன. மூன்றும் மூன்று வகை.

முதல் நாள் ஆகஸ்டு 15. இது மக்கள் தாமே தேர்ந்த நாள். நாடு கடத்தப்பட்டவருள் பலர் காலப்போக்கில் கனடாவின் கடற்கரை மாநிலங்களுக்குத் திரும்பி வந்து, பழைய வயல்கள் கிடைக்காமையால் வேறிடங்களில் குடியமர்ந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் 1881-இல் நியூ பிரன்சுவிக்கில் மெம்ராம்குக் என்னும் ஊரில் மாநாடு கூட்டினர். தமக்கென்று ஒரு தேசியத் திருநாள் வேண்டும், எந்த நாள்? கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சுக்காரர் கொண்டாடும் ஜூன் 24-ஐயே நாமும் கொண்டாடுவோம் என்றனர் சிலர். நம் வரலாறு வேறு, நம் நாளும் வேறாக இருக்கட்டும் என்றனர் வேறு சிலர். முடிவில் மரியன்னையின் விண்ணேற்பு நாளாகிய ஆகஸ்டு 15-ஐத் தேர்ந்தனர். 1884-இல் மிஸ்கூஷ் என்னும் ஊரில் கூடிக் கொடியும் கண்டனர். நீலம், வெள்ளை, சிவப்பு என்னும் பிரெஞ்சுக் கொடியின் நீலப் பகுதியில் பொன்னிற விண்மீன் ஒன்று. ஆண்டுதோறும் நாம் நம் மூவண்ணக் கொடியை ஏற்றிச் சுதந்திரத் திருநாள் கொண்டாடும் அதே நாளில், உலகின் மறுபுறத்தில் அவர்களும் தம் மூவண்ணக் கொடியை ஏற்றுகிறார்கள்.

அந்நாளில் அவர்கள் செய்யும் ஒரு வழக்கம் நம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். தாந்தமார் என்று அதற்குப் பெயர். பேரொலி என்று பொருள். ஊரெல்லாம் தெருவில் இறங்கிச் சட்டியும் பானையும் தட்டி, மணி அடித்து, கொம்பு ஊதி ஊர்வலம் வருவார்கள். நாடு கடத்தலின் இருநூறாம் ஆண்டாகிய 1955-இல் இப்பேரொலி எழுந்தது. 1979 முதல் கராக்கெட் என்னும் கடற்கரை ஊரில் பெருவிழா ஆயிற்று. சில ஊர்களில் மாலை 5 மணி 55 நிமிடத்திற்குத் தொடங்குவார்கள். இருபத்து நான்கு மணிக் கணக்கில் அது 17-55. ஆண்டைக் கடிகாரத்தில் கண்டு, "நாங்கள் இன்னும் இங்கே இருக்கிறோம்" என்று சட்டியைத் தட்டிச் சொல்கிறார்கள்! கனடா நாடாளுமன்றம் இந்நாளைத் தேசிய அக்கேடியர் நாளாக 2003-இல் சட்டம் இயற்றி ஏற்றது. மக்கள் தேர்ந்து 122 ஆண்டு கழித்தே அரசு ஏற்றது. அச்சட்டத்தால் அந்நாள் நாடு முழுமைக்கும் பொது விடுமுறை ஆகிவிடவும் இல்லை.

இரண்டாம் நாள் ஜூலை 28. இது அரசு தன் செயலை ஒப்புக்கொண்ட நாள். 1990-இல் லூயிசியானாவைச் சேர்ந்த வழக்கறிஞர் வாரன் பெரின் பிரிட்டானிய முடியாட்சிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். இழப்பீட்டுப் பணம் அவர் கேட்கவில்லை. நடந்தது தவறு என்று ஒப்புக்கொள்ளுமாறு கேட்டார். பதின்மூன்று ஆண்டு முயற்சிக்குப் பின், 2003 டிசம்பரில், அரசியார் இரண்டாம் எலிசபெத்தின் பெயரால் கனடாவின் ஆளுநர் தலைவர் பேரறிக்கை வெளியிட்டார். நாடு கடத்தலையும் அதனால் விளைந்த துயரத்தையும் அது ஒப்புக்கொண்டது. 2005 முதல் ஜூலை 28-ஐ நினைவு நாளாக்கியது. சட்டப் பொறுப்போ பணப் பொறுப்போ முடியாட்சிக்கு இல்லை என்று கவனமாக ஒரு வரியும் எழுதிக்கொண்டது. இருநூற்று நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து, அளந்து தந்த ஒப்புதல்தான். எனினும் ஒப்புதல்.

மூன்றாம் நாள் நாம் முதலிற் சொன்ன அரசு ஊழியர் விடுமுறை. லூயிசியானாவின் ஆளுநர் ஆணையிட்டு இதனை அறிவிக்கிறார். அங்கே ஆளுநர் என்பவர் நம் மாநில முதலமைச்சரைப் போல மக்கள் வாக்கால் ஆட்சி நடத்துபவர். நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை அமெரிக்க நாடு முழுவதும் நன்றி நவிலும் திருநாள். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமையை 'அக்கேடியர் நாள்' என்று பெயரிட்டு, மாநில அரசு ஊழியர்க்கு விடுமுறை அளிக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அட்டகப்பாஸ், ஓப்பலூசாஸ் பகுதிகளுக்கு வந்த அக்கேடியரைச் சிறப்பிக்கும் நாள் அது.

அந்த விடுமுறையின் மதிப்பு

இவ்விடுமுறையைக் குறைத்துப் பேசுவது எளிது. அந்த வெள்ளிக்கிழமை வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் கிடப்பது. பெயர் எதுவாயினும் பலரும் ஓய்வு விரும்பும் நாள். கடைகளில் தள்ளுபடி விற்பனை தொடங்கும் நாளும் அதுவே. அக்கேடியர் பெயரால் விடுமுறை பெற்ற ஊழியர் ஒருவர், அக்கேடியரை ஒரு நொடியும் நினையாமல், விடியற்காலையில் கடை வாயிலில் வரிசையில் நிற்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்.

நடுநிலையோடு வேறொன்றும் சொல்லவேண்டும். அட்டகப்பாஸ், ஓப்பலூசாஸ் என்பவை அங்கு முன்பே வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர்கள். லூயிசியானாவில் பிரெஞ்சு பேசியவர் அக்கேடியர் மட்டும் அல்லர். ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்களும் ஹூமா பழங்குடியினரும் பேசினர். அவர்கள் பிள்ளைகளும் பள்ளியில் அதே துன்பம் பட்டனர். ஒரு மக்களின் பெயரை நாட்காட்டியில் எழுதும்போது, அருகில் எழுதப்படாத பெயர்கள் உள என்பதை மறத்தலாகாது. பிற மாநிலத்தில் வாழும் நாம் இதனை எளிதில் உணர்வோம்.

எனினும் அவ்விடுமுறை வெறும் காகிதம் என்று நாம் சொல்லமாட்டோம். பிரெஞ்சு பேசிய குழந்தையைத் தண்டித்ததும் அரசின் பள்ளிதான். இன்று அக்குழந்தையின் மக்களைப் போற்றி ஆணையிடுவதும் அதே மாநில அரசுதான். பாட்டி பள்ளியில் பட்ட அடியைக் கேட்டு வளர்ந்த எழுத்தர் ஒருவர், தம் அலுவலக விடுமுறைப் பட்டியலில் தம் மக்களின் பெயரைக் காணும்போது, அவருக்கு உண்டாகும் நிமிர்வை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த மாற்றமும் தானாக வரவில்லை. 1968-இல் அம்மாநிலச் சட்டமன்றம் பிரெஞ்சு மொழி வளர்ச்சிக்கென ஒரு மன்றத்தை அமைத்தது. ஜேம்ஸ் டொமன்ஜோ என்னும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் அதனை முன்னின்று நடத்தினார். 1971-இல் அக்கேடியர் வாழும் 22 மாவட்டங்களுக்கு 'அக்கேடியானா' என்று சட்டமன்றம் பெயர் சூட்டியது. 1974-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மக்கள் தம் மொழி மரபையும் பண்பாட்டு மரபையும் காக்கும் உரிமையை ஏற்றது. பிரான்சு, பெல்ஜியம், கியூபெக் முதலிய இடங்களிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்துப் பள்ளிகளில் பிரெஞ்சு கற்பித்தனர். ஆனால் ஆசிரியர் கற்பித்த பிரெஞ்சும் பாட்டி பேசிய பிரெஞ்சும் ஒத்துவரவில்லை. பள்ளியில் கற்ற சொல்லை வீட்டில் சொன்னால் பாட்டிக்குப் புரியவில்லை. பாட்டியின் சொல்லைப் பள்ளியில் சொன்னால் பிழை என்றனர். பின்னர் உள்ளூர் வழக்கிற்கும் பாடத்தில் இடம் தந்தனர். இன்று பல பாடங்களையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் பள்ளிகள் அங்கு உள்ளன. ஆயினும் கேஜன் பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோரே. ஒரு தலைமுறை விட்ட கயிற்றை மூன்றாம் தலைமுறை எட்டிப் பிடிப்பது எளிதன்று.

இங்கே ஓர் ஒப்புமை காண்க. நியூ பிரன்சுவிக்கில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்குப் பிரெஞ்சு தாய்மொழி. அங்கே 1960-இல் லூயி ரோபிஷோ என்னும் அக்கேடியர் முதலமைச்சரானார். 1963-இல் மாங்க்டன் பல்கலைக்கழகம் பிறந்தது. 1969-இல் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஆட்சிமொழியாயின. அங்கே மக்கள் நாளைத் தாமே படைத்துக்கொண்டனர், பள்ளியையும் படைத்துக்கொண்டனர். லூயிசியானாவில் அரசு நாளைத் தந்தது. அந்நாளில் பேசவேண்டிய மொழியோ அதற்குள் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கிவிட்டது. விடுமுறை ஒரு கலம். கலத்தை அரசு தரலாம். அதில் வார்க்கவேண்டிய பால் அரசிடம் இல்லை.

கப்பலில் ஏறிய புத்தகம்

இறுதியாக ஒரு செய்தி. கிராண்ட்-பிரே மக்களைக் கப்பலில் ஏற்றியபோது எடுத்துச்செல்ல இடம் மிகக் குறைவு என்றோம். அந்த இடத்தில் அவர்கள் ஏற்றிய பொருள்களுள் ஒன்று அவ்வூர்த் தேவாலயத்தின் பதிவேடு. யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் என்று இறந்தார் என்று எழுதிய ஏடுகள் அவை. அவை மேரிலாந்து சென்றன. அங்கிருந்து லூயிசியானாவில் செயின்ட் கேப்ரியல் என்னும் ஊருக்குச் சென்றன. இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஊர் எரிந்தது, ஊரின் பெயர்ப்பட்டியல் எரியவில்லை. 1994 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அக்கேடியர் உலக மாநாடு கூட்டுகிறார்கள். அங்கே லெபிளாங்க், லாண்ட்ரி, எபேர் என்று குடும்பப் பெயர் வாரியாகக் கூடி, பிரிந்த கிளைகள் ஒன்றையொன்று காண்கின்றன. அந்த உறவைச் சேர்த்து வைப்பவை பெயர் எழுதிய இத்தகைய ஏடுகளே.

அன்பர்களே! அவர்கள் துயரையும் நம் நிலையையும் நாம் ஒன்றாக்கிப் பேசக் கூடாது. அவர்களைத் துப்பாக்கி முனையில் துரத்தினர். நாம் வேலை உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு, பயணப்படியும் பெற்று வந்தோம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். நம் ஊரை யாரும் கொளுத்தவில்லை. ஆனால் துரத்தப்பட்டவரே இவ்வளவு காத்தனர் எனில், துரத்தப்படாத நாம் காவாது விட்டதற்கு யாரைக் குறை கூறுவோம்? இக்காலனியில் நன்றாகத் தமிழ் பேசும் குழந்தைகள் பலர் உளர். அவர்களுள் தாத்தா எழுதிய கடிதத்தைப் படிக்க வல்லார் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பாருங்கள். நம் வீட்டிலும் எண்ணினோம். விடை நமக்கு நாணம் தந்தது.

ஆகவே, மூதாட்டியார் கேட்ட வினாவுக்கு நம் விடை இது. பொங்கல் விடுமுறைக்கான விண்ணப்பத்தை அனுப்புவோம். நாமும் அதில் கையொப்பம் இட்டுள்ளோம். அரசு தரும் மதிப்பு சிறிதன்று என்பதை லூயிசியானா காட்டுகிறது. ஆனால் அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டா என்பதை மெம்ராம்குக் காட்டுகிறது. வரும் பொங்கலன்று அலுவலகம் உண்டாயினும் இல்லையாயினும், மாலை ஆறு மணிக்கு இம்மன்றத்தில் கூடுவோம். ஒவ்வொரு குடும்பத்து மூத்தவரும் தாம் இவ்வூருக்கு வந்த கதையைச் சொல்லட்டும்: எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்த ரயிலில், பெட்டியில் என்ன வைத்துக்கொண்டு வந்தோம் என்று. அதைக் கேட்டு அக்குடும்பத்தின் பேரனோ பேத்தியோ தன் கையால், தமிழ் எழுத்தில், எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும். பாட்டியின் சொல்லைப் பிழை என்று திருத்தியதால் வந்த கேட்டை இப்போதுதான் கேட்டோம்.

அதற்கென ஒரு கட்டடம் செய்த கணக்குப் புத்தகத்தைச் செயலாளர் வாங்கி, வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறார். முதற் பக்கம் வெறுமையாக உள்ளது. அந்த வினாவைக் கேட்ட மூதாட்டியாரின் கதையே அதில் முதலில் ஏறவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். அவர் சொல்ல, அவர் பேத்தி எழுத இசைந்திருக்கிறாள்.